காசிக்குக் கிளம்பும் ஜெயங்கொண்டத்துக் குடும்பத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். தறிக்குழியிலேயே காலத்தைக் கழித்த உங்கள் மாமா, காசிக்குப் போய்த் தன் பெற்றோருக்குத் திதி கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. அவருக்கு முழங்கால் வலி. ரயிலில் இரண்டு நாள் உட்கார வைக்க உங்களுக்கு மனசு வரவில்லை. அத்தைக்குச் சர்க்கரை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். ஆறு பேரும் திருச்சியில் விமானம் ஏறி, வழியில் ஓர் ஊரில் மாறி, காசியில் இறங்குவதென்று முடிவு செய்திருக்கிறீர்கள். டிக்கெட் போடும் நேரத்தில்தான் 2025 டிசம்பரில் தொலைக்காட்சியில் பார்த்த காட்சிகள் நினைவுக்கு வந்துவிட்டன. "அந்த மாதிரி எங்களுக்கும் ஆயிட்டா, ரெண்டு பெரியவங்களையும் ரெண்டு புள்ளைங்களையும் வெச்சிக்கிட்டு நடு வழியில நான் என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே பயம் நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் இவை. திருச்சி விமான நிலையம் நமக்குப் பழகிய இடம்தான். ஆனாலும் வேலைக்குப் போகிற ஒருவர் தனியாக மாட்டிக்கொள்வது வேறு, குடும்பமாக மாட்டிக்கொள்வது வேறு. அதனால் உங்களுக்கு எழுதும் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். நீங்கள் கேட்டபடி பெயர் போடவில்லை.

முதலில் அந்த டிசம்பரைப் பற்றி. அன்று என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால், உங்கள் பயணத்தில் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

2025 டிசம்பர் 3, 4, 5 ஆகிய மூன்றே நாட்களில் இண்டிகோ நிறுவனத்தின் 2,500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 5ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல். மூன்று லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அங்கங்கே நின்றுபோனார்கள். புயல் அடிக்கவில்லை, போர் மூளவில்லை, வேலைநிறுத்தமும் இல்லை. விமானிகளின் வேலை நேரத்துக்குப் புதிய விதிகள் வந்திருந்தன. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவில் இத்தனை முறைதான் தரையிறக்கலாம் என்ற வரம்பு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2024 ஜனவரியிலேயே அறிவித்து, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் இவை. தயாராவதற்கு வேண்டிய காலம் இருந்தது. போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாமல் குளிர்கால அட்டவணையை நிறைத்துவிட்டு, கடைசியில் ஓட்ட ஆளில்லாமல் நின்றது அந்த நிறுவனம். நாட்டுக்குள் விமானத்தில் போகிற பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் அதில்தான் போகிறார்கள். அது நின்றதும் மற்ற விமானங்களின் டிக்கெட் விலை எகிறியது. டிசம்பர் 6 அன்று அரசு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கும் மேல் 18,000. ரயில்வே பல ரயில்களில் கூடுதல் பெட்டிகளைச் சேர்த்தது.

அந்த நாட்களில் பலரும், "விமானிக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று சொல்லி ஊரையே தவிக்க விட்டுவிட்டார்கள்" என்று பேசினார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தக் கோபம் இருக்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

நீங்கள் ஜெயங்கொண்டத்திலிருந்து திருச்சிக்கு வேனில் போகும்போது வி.கைகாட்டி, கீழப்பழுவூர் எல்லாம் கடந்து கல்லகம் வழியாகத்தான் போவீர்கள். அந்தக் கல்லகம் ரயில் நிலையத்துக்கும் அரியலூருக்கும் இடையில்தான், 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் மருதையாற்றில் விழுந்தது. மழை கொட்டி ஆறு பெருகி, பாலம் தாங்காத நிலையில் அந்த ரயில் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த மனிதரின் பெயர்தான் நீங்கள் இறங்கப் போகும் காசி விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். மாமாவின் வயதில் இருப்பவர்களுக்கு அந்த விபத்தைப் பற்றி வீட்டில் பேசிக் கேட்ட ஞாபகம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு ராத்திரி அரியலூரிலேயே ரயிலை நிறுத்தி வைத்திருந்தால், பெட்டியில் இருந்தவர்கள் எரிச்சல்பட்டிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள், மறுநாள் கதையாகச் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்படி ஒரு விபத்தைக் கண்ட மண்ணில் இருந்துகொண்டு, தூக்கமில்லாத விமானி ஓட்டினாலும் பரவாயில்லை, குறித்த நேரத்துக்கு எடுத்தால் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. ஓடுதளம் தெரியாத பனியில் இறக்காமல் இருப்பதும், விமானிக்கு ஓய்வு தருவதும் பயணிக்குச் செய்கிற நல்லது. அதற்காக ஒரு நாள் நிற்க வேண்டுமானால் நிற்கலாம்.

அந்த டிசம்பரில் பொறுக்க முடியாதது வேறு. ஆள் பற்றாது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய நிறுவனம், பயணிகளிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி, பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, 'தாமதம்' என்று போட்டார்கள், மறுபடியும் 'தாமதம்' என்று போட்டார்கள், கடைசியில் 'ரத்து' என்று போட்டார்கள். மகள் கல்யாணத்துக்குப் போகிறவரும், அப்பாவைத் தகனம் செய்யப் போகிறவரும், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். காலையிலேயே "இன்று விமானம் இல்லை" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் ரயிலையோ பஸ்ஸையோ பிடித்திருப்பார்கள். விமான ரத்தில் குடும்பத்தை உடைப்பது இந்தச் சொல்லாமை. அதற்குப் பிறகு விமானப் போக்குவரத்து இயக்ககம் விசாரித்து 22 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. நின்றவர்களுக்கு அந்த நாள் திரும்ப வரப்போவதில்லை.

நம் நாட்டு விதியும் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஒரு விமானத்தை ரத்து செய்தால், வேறு விமானம் வேண்டுமா, முழுப் பணமும் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை எப்போதும் உங்களுடையது. அதற்கு மேல் இழப்பீடு உண்டா என்பது, உங்களுக்கு எப்போது சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டால் உண்டு. ஒரு மணி நேரம் வரை பறக்கும் விமானத்துக்கு 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் 7,500, இரண்டுக்கு மேல் என்றால் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். இது ஆளுக்கு ஆள் தனி, உங்கள் வீட்டில் ஆறு பேருக்கும் தனித்தனியாக உண்டு. புயல், பனி, கலவரம், வான்வெளி மூடல் போன்ற, நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் பணமோ வேறு விமானமோ, அந்தத் தேர்வு அப்போதும் உங்களிடம்தான்.

இந்த இழப்பீட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நம் ஊர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் வழுக்குகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது பயணி சரியான தொடர்பு எண் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவருக்கு இழப்பீடு இல்லை. நாம் டிக்கெட் எப்படி எடுக்கிறோம்? பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிராவல்ஸில் ஆதாரைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இல்லாவிட்டால் சென்னையில் வேலை பார்க்கிற மச்சான் தன் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறார். டிக்கெட்டில் பதிவாவது டிராவல்ஸ்காரர் எண், இல்லையென்றால் மச்சான் எண். ரத்து என்ற செய்தி ராத்திரி பதினொரு மணிக்கு மச்சானுக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு ஆறு பேரையும் எழுப்பி வேனில் ஏற்றுவீர்கள். அதனால் யார் டிக்கெட் போட்டாலும் பக்கத்தில் இருந்து உங்கள் எண்ணையும் உங்கள் வீட்டுக்காரர் எண்ணையும் சொல்லிப் போட வையுங்கள். போட்ட பிறகு அந்த நிறுவனத்தின் செயலியில் பி.என்.ஆர். எண்ணைத் தட்டி, சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் சாயந்திரமும் கிளம்பும் முன்னும் மறுபடியும் பார்க்க வேண்டும். திருச்சி விமான நிலையம் நமக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பக்கத்துத் தெருவில் இருப்பவர்களைவிட நமக்குத்தான் இது அவசியம்.

டிக்கெட் போடுவதைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் வழியில் விமானம் மாறப் போகிறீர்கள். திருச்சியிலிருந்து ஒரு டிக்கெட், அங்கிருந்து காசிக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் சில சமயம் மலிவாகத் தெரியும். அந்த வழிக்குப் போக வேண்டாம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் நின்று இரண்டாவது கைநழுவினாலும் உங்களைக் காசி கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் கஷ்டம் எதுவும் தெரியாது. நீங்கள் 'வராத பயணி' ஆகிவிடுவீர்கள், பணமும் போய்விடும். பெரியவர்களை வைத்துக்கொண்டு, மாறுகிற இடத்தில் ஒரு மணி நேர இடைவெளியும் போதாது. மூன்று மணி நேரமாவது விடுங்கள். மாமாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது, காலம். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை காசி, டெல்லி, லக்னோ பக்கமெல்லாம் விடியற்காலைப் பனி மூடிவிடும். காலை விமானங்கள் மணிக்கணக்கில் நிற்பதும் ரத்தாவதும் அங்கே வருஷா வருஷம் நடப்பதுதான். நமக்கும் போகிப் புகையில் சென்னை விமான நிலையம் திணறிய அனுபவம் உண்டு. 2018 போகியன்று அப்படித்தான் ஆயிற்று. விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்றால், காசியில் நடுப்பகலுக்கு மேல் இறங்கும்படி பாருங்கள். திதிக்கு முதல் நாள் போய்ச் சேருவது போல் மட்டும் டிக்கெட் போடாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே போங்கள். ஒரு விமானம் நின்றால்கூடத் திதி தவறாது என்ற தெம்பு இருந்தால், பாதிப் பயம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். காசியில் காரியம் செய்து வைப்பவரிடமும், தங்கும் மடத்திலும், "ஒரு நாள் முன்பின் ஆனால் சொல்கிறோம்" என்று பேசி வையுங்கள். நம் ஊர்க்காரர்களை வருஷமெல்லாம் பார்க்கிறவர்கள் அவர்கள். இது அவர்களுக்குப் புதிதில்லை.

பனி இல்லாத மாதத்திலும் விமானம் நிற்கலாம். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை அனுப்பினார்கள். 2025 மே மாதம் எல்லையில் சண்டை வந்தபோது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடிவைத்தார்கள். ஒரு விமானம் ஒரே நாளில் நாலைந்து ஊருக்குப் போய் வருகிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நிற்பது போல, எங்கோ ஓர் ஊரில் காலையில் நின்ற விமானம் திருச்சியில் சாயந்திரம் உங்களை நிறுத்திவிடும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது.

சரி, நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாறுகிற ஊரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பலகையில் ரத்து என்று விழுந்துவிட்டது.

எல்லோரும் எழுந்து கவுண்டருக்கு ஓடுவார்கள். ஆறு பேரும் சேர்ந்து ஓடாதீர்கள். நீங்கள் இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும். இன்னொருவர் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கழிப்பறைக்குப் பக்கமாக, சார்ஜ் போடும் வசதி உள்ள இடத்தில் உட்கார வைத்துவிட்டு, செயலியைத் திறந்து வேறு விமானம் இருக்கிறதா என்று பார்க்கட்டும், உதவி எண்ணையும் கூப்பிடட்டும். வரிசை நகர்வதற்குள் பலருக்குச் செயலியிலேயே இடம் கிடைத்துவிடுவது உண்டு. வந்த குறுஞ்செய்தி, பலகையில் ரத்து என்று காட்டுவது, இவற்றையெல்லாம் நேரத்தோடு படம் பிடித்து வையுங்கள். "பணத்தைக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம், அடுத்த முறை பறக்கலாம்" என்று சொன்னால், உங்களுக்கு இஷ்டமிருந்தால் மட்டும் சம்மதியுங்கள். அது அவர்கள் திணிக்கக் கூடியதல்ல. அடுத்த விமானம் வரும் வரை சாப்பாடு கேளுங்கள், ராத்திரி தங்க வேண்டியிருந்தால் தங்குமிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கவுண்டரில் நிற்கிற பிள்ளை இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசுப் பிள்ளையாக இருக்கும். விமானத்தை ரத்து செய்தது அந்தப் பிள்ளை இல்லை, காலையிலிருந்து ஆயிரம் பேரிடம் திட்டு வாங்கியிருக்கும். "வயசானவங்க ரெண்டு பேர் இருக்காங்கம்மா, திதி இருக்கு, எப்படியாவது பாரும்மா" என்று சொல்லிப் பாருங்கள். மனசு வைத்துப் பார்த்துக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

இங்கே ஒன்றை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆறு பேரும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், ஒரே விமானத்தில் ஆறு இடம் காலியாக இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். ரத்தான நாளில் அது கிடைக்காது. மூன்று இடம் கிடைக்கும், இரண்டு இடம் கிடைக்கும். டிக்கெட்டை இரண்டாகப் பிரித்துத் தரும்படி கேட்கலாம், பிரித்துத் தருவார்கள். அப்படி வந்தால் யார் யாரோடு போவது? என் யோசனை, உங்கள் வீட்டுக்காரர் மாமாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு முதலில் போகட்டும். நீங்கள் பிள்ளைகளோடு பின்னால் வாருங்கள். திதி கொடுக்க வேண்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அம்மா பக்கத்தில் இருந்தால் எந்த ஊரும் ஊர்தான். நம் வீடுகளில் 'போனால் எல்லோரும் சேர்ந்து போவோம், இல்லாவிட்டால் யாருமே வேண்டாம்' என்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. பாசத்தில் வருவதுதான் அது. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பிடிவாதத்தால் கிடைத்த மூன்று இடமும் போய்விடும். அத்தையிடம் இதை இப்போதே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி வையுங்கள். விமான நிலையத்தில் முதல் தடவையாகச் சொன்னால் பயந்துபோவார்.

பிரிந்து போகலாம் என்பதால், மருந்தும் பணமும் அடையாள அட்டையும் ஒரே பையில் இருக்கக் கூடாது. அத்தையின் மாத்திரை, இன்சுலின் போடுவதாக இருந்தால் அதுவும், டாக்டர் சீட்டோடு அத்தையின் கைப்பையிலேயே இருக்கட்டும். நான்கு நாளைக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால், ரத்தான பிறகு பெட்டி எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த டிசம்பரில் விமான நிலையங்களில் பெட்டிகள் மலை மாதிரிக் குவிந்து கிடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். 48 மணி நேரத்துக்குள் வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அரசு உத்தரவு போட்ட பிறகுதான் அவை நகர்ந்தன. மாமா திதிக்குக் கட்டும் வேட்டியும், பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடுப்பும், நாலு சப்பாத்தியும், எலுமிச்சை சாதமும் கையிலேயே இருக்கட்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரிக்கு வருகிறேன். "மாமா சகுனம் பார்ப்பார். வண்டி நின்னுட்டா, கங்கைக்கு நம்ம வர்றது பிடிக்கலன்னு சொல்லி மனசு ஒடிஞ்சிடுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படி நினைப்பதை நான் குறைவாக எண்ணவில்லை. ஒரு வாழ்நாள் ஆசை வாசல் வரை வந்து நிற்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த நேரத்தில் பிள்ளைகள் செய்கிற வேலை, பெரியவர்களிடம் மறைப்பது. "ஒண்ணும் இல்லப்பா, கொஞ்சம் லேட்டு" என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் சுற்றிலும் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். என்னவென்று மட்டும் தெரியாது. தெரியாதவருக்கு எல்லாமே சகுனமாகத் தெரியும். விமான நிறுவனம் நமக்குச் செய்தால் நாம் கொதிக்கிற அதே காரியத்தை நாமே நம் பெரியவர்களுக்குச் செய்யலாமா?

அவரிடம் உடனே, உள்ளபடி சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த விமானம் இன்னைக்குப் போகாது மாமா. காசியில பனி, இறக்க முடியாதாம். நாளைக்குப் பகல்ல போற விமானத்துல இடம் கேட்டிருக்கோம். திதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இல்லைன்னா ரயில்ல போறோம்" என்று காரணத்தையும் அடுத்தது என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். மருதையாற்றைப் பற்றி வேனில் பேசியிருந்தால், நிறுத்தி வைத்தது நல்லது என்று அவரே சொல்வார். அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கங்கையை வென்று வந்த ராஜேந்திர சோழன் அந்த நீரைக் கொண்டுவந்து நம் ஊர்ப் பக்கத்தில் சோழகங்கம் ஏரியில் சேர்த்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவருக்கு அதைச் சொல்ல யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. பிள்ளைகளிடமும் உண்மையையே சொல்லுங்கள். செல்போனை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். சார்ஜ் இறங்கிவிட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

ரயில் என்றேன். நிற்பது சென்னையில் என்றால் அதுவும் ஒரு வழி. சென்னையிலிருந்து காசி வழியாகச் சாப்ராவுக்குப் போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் தினமும் கிடையாது, அதனால் அது போகிற நாட்களை முன்னாலேயே குறித்து வையுங்கள். தட்கல் டிக்கெட் முதல் நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும், பதினொரு மணிக்கு மற்ற வகுப்புக்கும் திறக்கும். தட்கலில் ஒரு டிக்கெட்டில் நான்கு பேருக்கு மேல் போட முடியாது, அதனால் நீங்கள் இரண்டு டிக்கெட்டாகப் போட வேண்டியிருக்கும். ஆதாரோடு இணைத்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இருந்தால்தான் அது நடக்கும். அதை ஊரிலேயே சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரெடிட் கார்டில் போட்டிருந்தால் ஏழு நாளில் திரும்ப வர வேண்டும். டிராவல்ஸ் மூலம் எடுத்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். "அவரைக் கேளுங்கள், இவரைக் கேளுங்கள்" என்று அலைய விட முடியாது. வராவிட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிறகு அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் அரியலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விமான நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் அறைக்கும் கொடுத்த ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். தொகை சிறிதுதானே என்று நம் ஊர்க்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒவ்வொரு வழக்கும் சேரச் சேரத்தான், அடுத்த முறை ரத்து செய்கிறவர்கள் ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, வேன். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் விமான நிலைய வாசலில் இறங்கியதுமே வாடகையைக் கொடுத்து வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பாதீர்கள். விமானம் ஏறி உட்கார்ந்து கதவு சாத்தும் வரை டிரைவர் திருச்சியிலேயே இருக்கட்டும், காத்திருப்புக் கூலி என்னவோ அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். திருச்சியிலேயே நின்றுபோனால், ராத்திரியில் ஆறு பேரோடும் பெட்டிகளோடும் பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டியிருக்காது. வீட்டுக்குத் திரும்பிப் படுத்து எழுந்து மறுநாள் போகலாம். வெளியூரில் தங்குவதைவிட அத்தைக்கு அதுதான் நல்லது.

டிக்கெட் போட்டதும் எந்த மாதம், எந்த ஊரில் மாறுகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஊர் விமான நிலையத்தில் பெரியவர்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று விசாரித்து எழுதுகிறேன். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயங்கொண்டத்திலிருந்து